எலுமிச்சை காக்டெய்லை ஒரு வாரம் முன்பே பாட்டிலில் அடைக்கலாமா?

கேள்வி: ஆண்டு இறுதிக் கொண்டாட்டத்துக்கு ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு கலந்து வீட்டிலேயே காக்டெய்ல் செய்து, பாட்டிலில் அடைத்து நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுக்க ஆசை. ஒரு வாரம் முன்பே செய்தால் கெட்டுவிடுமா? தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டு ரம்மைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: முதலில் இரண்டாவது கேள்வி. வாங்காதீர்கள்.

கடைக்கு வெளியே, ரசீது இல்லாமல், 'டூட்டி ஃப்ரீ சரக்கு' என்று கைமாறி வரும் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பிரபல பிராண்டின் காலி பாட்டிலைத் தேடி வாங்கி, மலிவுச் சரக்கை நிரப்பி, மூடியையும் புதிதாகப் போட்டு விற்கிற ஆட்கள் உண்டு. மட்டமான சரக்கோடு போனால் பரவாயில்லை. அதில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். நிறம், வாசனை, ருசி எதை வைத்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தீக்குச்சி வைத்து எரியும் நிறத்தைப் பார் என்று சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். பாதிப்பு தெரிய ஒரு நாள்கூட ஆகலாம் என்பதால் பலர் சாதாரணத் தலைவலி என்று படுத்துவிடுகிறார்கள். குடித்த பிறகு பார்வை மங்கினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள் கொடுக்கப்போவது நண்பர்களுக்கு. உரிமம் பெற்ற கடையில், சீல் உடையாத பாட்டிலாக வாங்குங்கள்.

சரி, காக்டெய்லுக்கு வருவோம். ரம்மும் பாகும் ஒரு வாரம் தாங்கும். தாங்காதது எலுமிச்சைச் சாறு. பிழிந்து ஒரு நாள் கடந்தாலே புத்துணர்ச்சி போய் ஒரு மாதிரி கசக்கும். அதனால் சாறு இல்லாமல் அடையுங்கள். 750 மில்லி பாட்டிலுக்கு ரம் 525 மில்லி, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த பாகு 175 மில்லி. ரம் 40 சதவீதம் என்றால் கலவையில் ஆல்கஹால் 30 சதவீதம் இருக்கும், வெளியிலேயே வைக்கலாம். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் இப்படி எழுதுங்கள்: '80 மில்லி எடுத்து, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 25 மில்லி சேர்த்து, ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கவும்.' குலுக்கும்போது ஐஸ் கரைந்து தேவையான தண்ணீர் வந்துவிடும், நீங்கள் தனியாக ஊற்ற வேண்டாம். சோடாவை உள்ளே ஊற்றி அடைக்கவே கூடாது. சாதாரணக் கண்ணாடி அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

சாறு சேர்த்தும் மாதக்கணக்கில் தாங்கும் வகை ஒன்று உண்டு: பால் பஞ்ச். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்ளின் 1763இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தோடு இதன் செய்முறையையும் அனுப்பினார். ரம், சாறு, பாகு, வேண்டுமானால் தேநீர் எல்லாம் கலந்தது நான்கு பங்கு என்றால் பால் ஒரு பங்கு. பாலைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, கலவையைப் பாலில் ஊற்றுங்கள். பாலைக் கலவையில் ஊற்றினால், பால் திரிந்து வரும் திரள் சரியாக அமையாது. பால் திரிந்ததும் சற்று நேரம் விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். முதலில் வருவது கலங்கலாக இருக்கும். அதை மறுபடி அதே திரளின் மேல் ஊற்றுங்கள், அந்தத் திரள்தான் வடிகட்டி. துணியைப் பிழியாதீர்கள். பொறுமையாக இருந்தால் தெளிந்த, பொன்னிறமான பானம் சொட்டும். ஃபிரிட்ஜில் வையுங்கள். பார்க்கப் பால் இருப்பதே தெரியாது. ஆனால் பால் புரதம் அதில் மிச்சம் இருக்கும், ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பிஸ்கட் பொட்டலத்தில் மாவு முதல் உப்பு வரை அச்சிட வேண்டும். மது பாட்டிலில் மூலப்பொருள் முழுவதையும் எழுதும் கட்டாயம் பல நாடுகளில் இல்லை. எந்த மதுவில் பாதாம் இருக்கிறது, எதில் பாலேடு இருக்கிறது என்று வாங்குபவர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. இத்தனை காலம் ஆகியும் சரிசெய்ய யாருக்கும் அவசரமில்லை. உங்கள் சீட்டிலாவது பெயர், கலந்தவை அனைத்தும், செய்த தேதி இருக்கட்டும். 'மது' என்று பெரிய எழுத்தில் போடுங்கள், பழச்சாறு என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துவிடக் கூடாது.

அப்புறம், அழகுக்காகப் பழைய கிரிஸ்டல் குப்பியில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள ஈயம் நாள்பட மதுவில் இறங்கும். வெந்நீரில் கழுவி உலர்த்திய சாதாரணக் கண்ணாடி பாட்டிலே போதும்.