கந்தசாமி தாத்தாவின் பெயர் பேரனுக்கு

அப்பா பெயர் கந்தசாமியை மகனுக்கு வைக்க ஆசை, மனைவிக்கு அது பழசாகத் தெரிகிறது, கார்த்திகை நட்சத்திரம் என்பதால் அ, இ, உ, எ-வில்தான் தொடங்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எழில்வேலன் வையுங்கள் நண்பரே, கந்தனும் வேலனும் ஒரே சாமிதானே. பெயரன் என்பதுதான் பேரன் ஆனது, அதனால் உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் எங்கள் வீட்டில் அண்ணனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள், புருஷன் பெயரை வாயால் சொல்லாத பாட்டி கடைசிவரை அவனைப் "பெரியவனே" என்றுதான் கூப்பிட்டார்.

மனைவி சொல்வதும் சரிதான். கந்தசாமி, முருகேசனுக்கு அப்புறம் சுரேஷ், ரமேஷ், பிறகு விக்னேஷ், கார்த்திக், இப்போது கவின், இனியன் என்று தனித்தமிழ்ப் பெயர்கள் திரும்பி வருகின்றன. பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அவசரப்படாதீர்கள்.