பழைய அடுக்குக் குழல் துப்பாக்கி: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனையும் டுரியானும் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கீழொன்று மேலொன்றாக இரண்டு குழல் அடுக்கிய பழைய செனாப்பாங் பாத்தா, அதாவது நடுவில் மடித்துத் திறக்கும் துப்பாக்கி பற்றி மட்டும் பேசலாம் என்று சொல்லியிருந்தேன். ஈப்போவில் உரிமம் பெற்ற பட்டறையில் இவற்றைப் பிரித்துப் பூட்டிய பழக்கத்தில் பதில் சொல்கிறேன். எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும், கொடுப்பவர் கூடப் பிறந்தவராகவே இருந்தாலும், முதலில் திறந்து, தோட்டா இருக்கும் இரண்டு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

லிந்தாங்கிலிருந்து ஒருவர்: அண்ணே, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தன்னுடைய பெல்ஜியம் பிரவுனிங்கைக் கொடுத்துவிடப் போகிறாராம். பூ வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது. வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

தம்பி, பூ வேலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் குழலைப் பாருங்கள்.

அவர் சொல்வது பிரவுனிங் சூப்பர்போஸ்ட் என்று நினைக்கிறேன். ஜான் பிரவுனிங் 1926இல் பெல்ஜியத்தில் காலமாவதற்கு முன் கடைசியாக வடிவமைத்தது அதுதான். ஹெர்ஸ்டாலில் உள்ள எஃப்.என். ஆலையிலிருந்து 1931 முதல் விற்பனைக்கு வந்தது. பெயர் பெரியதுதான், ஆனால் உள்ளே சொத்தையான பிரவுனிங்கை விட உள்ளே சுத்தமான, ரஷ்யாவில் செய்த பைக்கால் மேல்.

குழலைக் கழற்றி, வெளிச்சமான ஜன்னலைப் பார்த்துப் பிடியுங்கள். உள்ளே வெளிச்சம் வட்டம் வட்டமாக, கோணாமல் ஓட வேண்டும். ஓர் இடத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். அடைப்போடு யாரோ சுட்டிருக்கிறார்கள். வெளியே விரலை மெதுவாக ஓட்டினால் அந்த மேடு தட்டுப்படும். அதற்கு மேல் பேச்சே வேண்டாம், வேறு துப்பாக்கி பாருங்கள். சிறு நசுங்கலை நல்ல பட்டறையில் எடுத்துவிடலாம். துருக்குழி என்றால் ஆழத்தைப் பொறுத்தது. சுவர் கனத்தை அளக்கும் கருவி இல்லாமல் யாரும் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது ஆட்டம். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மட்டும் மாட்டி மூடி, பிடியைப் பிடித்துக்கொண்டு குழலை மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். முன்கட்டை மாட்டியிருந்தால் அது இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும், விற்பவர்கள் பலர் அதைக் கழற்ற விடமாட்டார்கள். விளக்குக்கு எதிரே பிடிக்கும்போது குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரியக் கூடாது. மேல் லீவரையும் கவனியுங்கள். மூடியிருக்கும்போது அது நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நின்றால் பூட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் நிறையத் தேய்ந்திருக்கிறது.

கட்டையையும் விடாதீர்கள். 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த பிரவுனிங்குகளில் உப்பு வைத்து உலர்த்திய மரம் போட்டவை உண்டு. அந்த உப்பு மரத்தோடு ஒட்டிய இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். நம் ஊர் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். பின்பக்கத் தகட்டின் திருகாணியைக் கழற்றச் சொல்லுங்கள். அது துருப்பிடித்து வந்தால் சந்தேகப்படுங்கள். வண்ணம் படாத மரத்தில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் உப்பு இருக்கும் இடம் பால் போல் வெளுக்கும். அப்படியானால் கட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும், வேறு வைத்தியம் இல்லை.

லைசென்ஸ் உங்கள் பெயரில் வரும்வரை பணமும் கைமாறக் கூடாது, துப்பாக்கியும் கைமாறக் கூடாது.

கமுனிங்: நம்மிடம் ஓர் இரட்டைக்குழல் இருக்கிறது. எத்தனை வெள்ளிக்குப் போகும்?

குழலைப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன்.

ஜாலோங்: துரு ஏறிவிட்டது. ஒரு தம்பி சூடான உப்புக் கரைசலில் முக்கிப் புதுசு போல் கறுப்பாக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இரண்டு குழலையும் பக்கப் பட்டிகளையும் பிடித்து வைத்திருப்பது பல பழைய துப்பாக்கிகளில் ஈய வெள்ளீயப் பற்று. கொதிக்கும் காரக் கரைசல் அந்தப் பற்றையே அரிக்கும். வெளியே பளபளப்பாக வரும், சில மாதம் கழித்துப் பட்டி எழும்பும். உள்ளே தங்கிய உப்பு மறைவாகத் துருவை வளர்க்கும். ஒற்றைக்குழல் துப்பாக்கிக்குச் சரியாக வரும் வேலை இரட்டைக்குழலைக் கெடுத்துவிடும். இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துரு ஏற்றிக் கறுப்பாக்கும் பழைய முறைதான். அதையும் உரிமம் பெற்ற பட்டறையில் மட்டும் செய்யுங்கள். மேல் துரு மட்டும் என்றால் எண்ணெயும் மிக மெல்லிய எஃகு நாரும் போதும். மணல் தாளை எடுக்கவே கூடாது, முத்திரைகள் அழிந்துவிடும்.

சுங்கை சிப்புட் டவுன்: ஐயா, அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவர் துப்பாக்கி அலமாரியில் இருக்கிறது. அதன் மதிப்பைக் கணக்கிட முடியுமா?

மதிப்பு அப்புறம், அம்மா. அந்த லைசென்ஸ் அப்பாவின் பெயரில் இருந்தது. இன்றே போலீஸ் பாலாய்க்கு ஆள் அனுப்பிச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே தூக்கிக்கொண்டு தெருவில் போக வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். உங்கள் பெயருக்கு மாற்றுவதா விற்பதா என்பதை அங்கிருந்து பேசிக்கொள்ளலாம். துக்க வீட்டில் இதுவும் ஒரு சுமை என்று தெரியும், ஆனால் தள்ளிப் போடாதீர்கள்.

லிந்தாங், இன்னொருவர்: ஐரோப்பியத் துப்பாக்கி, குழலடியில் 12 என்றும் 65 என்றும் இருக்கிறது. கடையில் 70 தோட்டாதான் கிடைக்கிறது. உள்ளே நன்றாகவே போகிறதே?

போகும், அதுதான் ஆபத்து. 70 மில்லிமீட்டர் என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடாதபோது குட்டையாக இருப்பதால் 65 மில்லிமீட்டர் அறையில் எளிதாக நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். 65க்கு 65 தோட்டாதான்.

கமுனிங், வேறொருவர்: மாமா, விலை எப்படி?

மேலே சொல்லிவிட்டேன்.

கோலகங்சார்: சூப்பர்போஸ்டில் டம்மி தோட்டா போட்டுப் பார்த்தேன். முதல் முறை டிரிகர் கிளிக் என்றது, இரண்டாம் முறை இழுபடவே இல்லை. கெட்டுப்போன துப்பாக்கியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

கெடவில்லை. அதில் ஒற்றை டிரிகர். முதல் குண்டின் உதையில் உள்ளே ஒரு சிறு எடை பின்னுக்கு நகர்ந்துதான் இரண்டாவது குழலுக்கு மாற்றும். டம்மியில் உதை இல்லை, அதனால் மாறவில்லை. அடிக்கட்டையைக் கைத்தலத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி இழுங்கள், மாறும். பெரெட்டாவின் 680 வரிசையும் இப்படித்தான்.

இதனால்தான் நம் ஊர்ப் பன்றி வேட்டைக்கு இரட்டை டிரிகர் உள்ளதை வாங்குங்கள் என்று ஓயாமல் சொல்கிறேன். இங்கே தோட்டா நனையும், பழசாகும், தோட்டாவின் அடியில் இருக்கும் கேப் வெடிக்காமல் போகும். வெடிக்காவிட்டால் உதை இல்லை, உதை இல்லாவிட்டால் இரண்டாவது குழலும் இல்லை. இரட்டை டிரிகரில் விரலைப் பின்னால் நகர்த்தினால் போதும்.

அதே கோலகங்சார் நண்பர்: ஒப்புக்கொள்ள மாட்டேன். செலக்டரைத் தள்ளினால் மற்றக் குழல் சுடுமே? இரண்டு டிரிகரில் அவசரத்தில் தப்பானதை இழுப்பார்கள்.

செலக்டர் இருக்கிறது, உண்மை. ஆனால் அது சேஃப்டியோடு சேர்ந்தது. பின்னுக்கு இழுத்து, பக்கவாட்டில் தள்ளி, மறுபடி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். வியர்த்த கட்டைவிரலோடு, வரப்பில் நின்று, பன்றியைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். தப்பான டிரிகரை இழுத்தால் என்ன ஆகிவிடும்? சோக், அதாவது குழல்வாயின் ஒடுக்கம், கொஞ்சம் மாறிய குழல் சுடும். குண்டு போகாமல் நிற்பதை விட அது மேல்.

ஜாலோங்கிலிருந்து வேறொருவர் குறுக்கிட்டார்: கிளிக் என்றதும் உடனே அடுத்த குழலைச் சுடச் சொல்வது சரியா அண்ணே? முதல் தோட்டா தாமதித்து வெடித்தால்?

நல்ல கேள்வி, இதை எல்லாரும் படியுங்கள். காயம்பட்ட பன்றி உங்களை நோக்கி வரும்போது மட்டும் அடுத்ததைச் சுடுங்கள். மற்ற வேளைகளில் குழல்வாயை அதே பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு முழுசாக அரை நிமிடம் காத்திருங்கள். ஒருபோதும் உடனே திறக்காதீர்கள். தாமதித்த தோட்டா திறந்த துப்பாக்கியில் வெடித்தால் அது உங்கள் முகத்துக்கு நேராக. அப்புறம், இது நடந்தால் தோட்டா பழசு என்று பொருள். அந்தப் பெட்டி முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள்.

கோலகங்சார், மூன்றாம் முறை: நல்ல தோட்டா வாங்கினால் இந்தப் பேச்சே வேண்டாமே. டிரிகரைக் குறை சொல்கிறீர்கள்.

நல்ல தோட்டாவை ஈரக் கொட்டகையில் ஒரு மழைக்காலம் வைத்துவிட்டால் அது நல்ல தோட்டா இல்லை. உங்கள் பிரவுனிங்கை விற்கச் சொல்லவில்லை, அருமையான துப்பாக்கி. தோட்டாவைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நான் சொல்வது இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு.

கமுனிங்: ஜப்பானில் செய்த வின்செஸ்டர் 101 வாங்கலாமா?

தாராளமாக. 1963இல் வெளிவந்தது, நேர்த்தியான வேலை. குழலைப் பாருங்கள்.

லாசா: பெரெட்டாவின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

குழலடி முத்திரைகளுக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் ஆண்டுக் குறி இருக்கும். இத்தாலியில் 1974 வரை ரோம எண்; 1975 முதல் இரட்டை எழுத்து, ஏஏ என்றால் 1975, ஏபி என்றால் 1976.

ஜாலோங்: எனக்கும் துரு. கறுப்பாக்க...

சூடான கரைசலில் முக்காதீர்கள். மேலே விரிவாக இருக்கிறது.

லிந்தாங்: மைனா விரட்டக் காற்றுத் துப்பாக்கி?

என் துறை இல்லை. அதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்பது மட்டும் தெரியட்டும். பன்றியோ பறவையோ, வேட்டை அனுமதிக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கேளுங்கள்.

சுங்கை சிப்புட்: தோல் உறையில் வைத்தால் துரு வராதல்லவா?

தோல் உறையில்தான் வேகமாக வரும். தோல் ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். பயணத்துக்கு மட்டும் உறை. வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு, மெல்லிய எண்ணெய் பூசி, குழல்வாய் கீழே இருக்கும்படி வையுங்கள். வாய் மேலே இருந்தால் எண்ணெய் வழிந்து கட்டையின் தலையில் இறங்கி மரத்தை ஊறவைக்கும், அப்புறம் அங்கேதான் விரிசல் விடும்.

கோலகங்சார் நண்பர், கடைசியாக: சரி, என் ஒற்றை டிரிகரை இரட்டையாக மாற்றித் தருவீர்களா?

மாற்ற வேண்டாம். 1931இல் சூப்பர்போஸ்ட் முதலில் இரட்டை டிரிகரோடுதான் வந்தது. ஒற்றை டிரிகரை ஜான் பிரவுனிங்கின் மகன் வால் பிரவுனிங் பிறகு சேர்த்தார். இரட்டை வேண்டுமென்றால் அப்படியே ஆலையிலிருந்து வந்த பழையதைத் தேடுங்கள். கிடைத்ததும் முன்கட்டையைக் கழற்றி அசைத்துப் பாருங்கள், குழலை ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள்.