ஆங்கில வாக்கியத்தில் ஆப்ஜெக்ட் (செயப்படுபொருள்) எது, காம்ப்ளிமென்ட் (எழுவாய் அல்லது ஆப்ஜெக்ட் யார், என்ன, எப்படி என்று சொல்லும் சொல்) எது என்று எப்படிக் கண்டறிவது? வினைச்சொல்லுக்குப் பின் 'என்ன' என்று கேட்டால் இரண்டுக்குமே விடை வருகிறதே?

உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. 'என்ன', 'யாரை' என்று கேட்டுப் பார்க்கும் வழியைத்தான் எனக்கும் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். பதினொன்றாம் வகுப்புத் தேர்வில் 'ஷி பிகேம் எ டாக்டர்' என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் 'என்ன ஆனாள்?' என்று கேட்டு, 'டாக்டர்' என்று விடை வந்ததால் எஸ்விஓ (எழுவாய், வினை, ஆப்ஜெக்ட்) என்று எழுதினேன். விடைத்தாளில் அது சிவப்பு மையால் அடிக்கப்பட்டு எஸ்விசி (எழுவாய், வினை, காம்ப்ளிமென்ட்) என்று திருத்தப்பட்டிருந்தது. காரணம் விளங்கவே பல ஆண்டுகள் ஆயின.

இப்போது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நம் 'ஐ' உருபிலிருந்துதான் தொடங்குகிறேன். 'ஷி மெட் எ டாக்டர்' என்றால் டாக்டரைச் சந்தித்தாள். அங்கே இருப்பவர்கள் இருவர். 'ஷி பிகேம் எ டாக்டர்' என்றால் டாக்டர் ஆனாள். அங்கே இருப்பவர் ஒருவரே. 'டாக்டரை ஆனாள்' என்று தமிழ் பேசும் சிறு குழந்தைகூடச் சொல்லாது. ஆனால் 'பால் குடித்தான்' என்பதுபோல் அஃறிணைப் பெயர்களில் நாம் உருபை மறைத்தே பேசுவது வழக்கம் என்பதால், 'ஐ' இருக்கிறதா என்று பார்க்காமல், சேர்த்தால் வாக்கியம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 'பாலைக் குடித்தான்' நிற்கிறது. ஆகவே பால் ஆப்ஜெக்ட்.

இந்த முறையின் அருமை 'மேட்' என்ற வினையில் நன்றாகத் தெரியும். 'தே மேட் ஹிம் காபி', 'தே மேட் ஹிம் கேப்டன்' ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒரே அச்சு. தமிழில் முதலாவது 'அவனுக்குக் காபி போட்டார்கள்', இரண்டாவது 'அவனைக் கேப்டன் ஆக்கினார்கள்'. 'கு' வந்த இடத்தில் 'ஹிம்' மறைமுக ஆப்ஜெக்ட், காபி நேரடி ஆப்ஜெக்ட். 'ஐ' வந்த இடத்தில் 'ஹிம்' நேரடி ஆப்ஜெக்ட்டாகிவிடுகிறது. அவனும் கேப்டனும் ஒருவரே என்பதால் கேப்டன் என்பது அந்த ஆப்ஜெக்ட்டுக்குரிய காம்ப்ளிமென்ட்.

பெயரடை ஒருபோதும் ஆப்ஜெக்ட் ஆகாது. 'தி மில்க் டர்ன்ட் சவர்' (பால் புளித்துவிட்டது) என்பதில் 'சவர்' பாலின் நிலையைச் சொல்லும் காம்ப்ளிமென்ட். 'ஹி டர்ன்ட் தி கீ' என்பதில் சாவி ஆப்ஜெக்ட். ஒரே வினை இரண்டு விதமாகவும் வருகிறது. காம்ப்ளிமென்ட் ஏற்கும் வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வது போதாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. 'ஐ ஹேவ் எ ஹவுஸ்' என்பதை 'எனக்கு ஒரு வீடு இருக்கிறது' என்கிறோம். அங்கே வீடே எழுவாயாகிவிடுவதால் 'ஐ' உருபு சேராது. செயப்பாட்டு வினையாக மாற்றிப் பார்த்தாலும் அந்த ஆங்கில வாக்கியம் இடம் கொடுக்காது. அப்போது எழுவாயும் வினைக்குப் பின் வரும் பெயரும் ஒன்றையே குறிக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். நானும் வீடும் ஒன்றல்ல. ஆகவே வீடு ஆப்ஜெக்ட்தான்.