லொக்கில் -111 என்று மட்டும் வருகிறது, அதன் பெயரை எப்படி எடுப்பது?

நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) சேர்வர் -111, -98 என்று பிழை எண்ணை மட்டும் லொக்கில், அதாவது நடந்ததைப் பதிந்து வைக்கும் ஃபைலில், எழுதுகிறது, பெயராக மாற்ற ஒரு அட்டவணை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டவணை மட்டும் வேண்டாம். நான் பட்ட பாடு போதும்.

கொழும்பில் ஒரு சின்ன ஒஃபிஸில் வேலை செய்தபோது, எனக்கு முன்னால் இருந்தவர் தன்னுடைய மெக் கணினியைப் பார்த்து எண்களுக்குப் பெயர் எழுதிய ஃபைல் ஒன்றை விட்டுப் போயிருந்தார். சேர்வரோ லினக்ஸ். ஒரு நாள் இரவு வெள்ளவத்தையில் கொத்து ரொட்டிக்குக் காத்து நிற்கிறேன், கோல் வருகிறது: "அண்ணா, தெரியாத பிழை 111 எண்டு வருது." இணைப்பு மறுக்கப்பட்டது என்பதற்கு மெக்கில் எண் 61, லினக்ஸில் 111 (நோட் இதையே மைனஸ் போட்டு -111 என்று காட்டும்). எங்கள் ஃபைலில் 111 இல்லவே இல்லை. லைன் பிழை என்று நினைத்து ஒரு மணித்தியாலம் அலைந்தோம். பார்த்தால் டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆகவே இல்லை.

பெயர் தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. 111 என்றால் கதவைத் தட்டியதுமே "இங்கே யாரும் இல்லை, போ" என்று பதில் வந்துவிட்டது. மெஷின் இருக்கிறது, அந்தப் போர்ட்டில், அதாவது நீங்கள் தட்டிய கதவு எண்ணில், கேட்க ஆள் இல்லை. பக்கத்து எண் 110 என்றால் தட்டித் தட்டிப் பார்த்தும் சத்தமே இல்லை, நேரம் முடிந்துவிட்டது. அப்போதுதான் ஃபயர்வோல், லைன் பக்கம் போக வேண்டும்.

111 இல்லாமல் போனதுகூடப் பரவாயில்லை. 11, 35 இரண்டும் லினக்ஸிலும் மெக்கிலும் அப்படியே இடம் மாறியிருக்கின்றன. லினக்ஸில் 11 "பிறகு முயன்று பார்", 35 டெட்லொக் (ஒன்றுக்காக ஒன்று காத்து நின்று எதுவுமே நகராத நிலை), மெக்கில் நேர்மாறு. அட்டவணை கூசாமல் பொய் சொல்லும். விண்டோஸில் நோட் காட்டும் எண்கள் வேறு ரகம்: ஃபைல் இல்லை என்பது லினக்ஸில் -2, அங்கே -4058.

சரி, வழி என்ன? எண் பிறந்த மெஷினிடமே பெயரைக் கேளுங்கள். நோட்டின் யூடில் மொடியூலில் கெட்சிஸ்டம்எரர்நேம் என்ற ஃபங்ஷன் 9.7 பதிப்பிலிருந்தே இருக்கிறது. -111 கொடுத்தால் லினக்ஸில் ஈகொன்ரிஃபியூஸ்ட் (இணைப்பு மறுக்கப்பட்டது) என்று திருப்பித் தரும். மைனஸ் குறியை விட்டுவிடாதீர்கள், நேர் எண் கொடுத்தால் அதுவே ஒரு எரர் எறியும். முழுப் பட்டியலும் வேண்டுமென்றால் கெட்சிஸ்டம்எரர்மெப், 16ஆம் பதிப்பில் வந்தது.

உண்மையில் உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். நோட் தரும் சிஸ்டம் எரரில் எர்நோ, அதாவது அந்த எண், அதன் பக்கத்திலேயே கோட் என்று ஒரு புரோப்பர்ட்டி இருக்கிறது, பெயர் அதிலேயே உண்டு. யாரோ லொக் எழுதும்போது எர்நோவை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை மாற்றுங்கள். பழைய லொக்குகளுக்கு மட்டும் மேலே சொன்ன ஃபங்ஷனை, அதே சேர்வரில் வைத்து ஓட்டுங்கள், உங்கள் லெப்டொப்பில் வேண்டாம்.

அப்புறம் அந்த -98: அதே போர்ட்டை ஏற்கெனவே வேறொன்று பிடித்திருக்கிறது. அநேகமாக நீங்கள் நிறுத்த மறந்த பழைய புரொசஸ்தான்.