பாதி மறைந்த கோபுரம்

கேள்வி: சென்ற இதழின் பாரிஸ் கட்டுரைக்கு ஈஃபிள் கோபுரத்தின் முழுப் படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை? ஏதோ குடியிருப்புத் தெருவின் கோடியில், வீடுகளுக்கு நடுவே பாதி மறைந்து நிற்கிறதே!

பதில்: முழுப் படங்கள் நிறையவே கையில் இருந்தன. வேண்டுமென்றேதான் இதைப் போட்டோம்.

முழுப் படத்தில் கோபுரத்துக்குப் பின்னால் வானம் மட்டும்தான். கீழே 330 மீட்டர் என்று அச்சடித்தாலும் அந்த உயரம் மனசில் ஏறாது. இந்தப் படம் சேன் தொமினிக் தெருவில் எடுத்தது. இரண்டு பக்கமும் ஐந்தாறு மாடி வீடுகள், கீழே கடைகள். அந்தக் கூரைகளுக்கும் மேலே, ஏதோ பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து கிளம்பியதுபோல இரும்பு எழும்பி நிற்கிறது. எவ்வளவு பெரியது என்பதை வீடுகளின் ஜன்னல்களே அளந்து காட்டிவிடுகின்றன.

அப்புறம், இந்தக் காட்சி தானாக வாய்த்ததென்று நினைத்துவிடாதீர்கள். 1973-ல் மோன்பர்னாஸ் கோபுரம் என்று சுமார் 210 மீட்டர் உயரத்துக்கு ஓர் அலுவலகக் கட்டடம் ஊருக்குள் எழும்பியது. பாரிஸ்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1977-ல் கட்டடங்களுக்கு உயர வரம்பு வந்தது. அதிகபட்சம் 37 மீட்டர். 2010 வாக்கில் நகர ஓரங்களில் மட்டும் தளர்த்திப் பார்த்தார்கள். அப்படி முக்கோணக் கோபுரம் என்று 180 மீட்டர் உயரப் புதுக் கட்டடம் ஒன்றுக்கு வேலை தொடங்கிய பின், 2023-ல் மறுபடி பழைய 37 மீட்டருக்கே திரும்பிவிட்டார்கள். வீட்டுக்குத் தட்டுப்பாடு உள்ள ஊரில் மேலே கட்டவிடாமல் தடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் வரம்பின் பக்கம்.

காரணம், அந்தத் தெருக்காரர்கள். டிக்கெட் வாங்கி ஏறுகிறவருக்குக் கோபுரம் ஒரு நாள் சங்கதி. இவர்களுக்கு அது ரொட்டி வாங்கப் போகும்போதும் குழந்தையைப் பள்ளியில் விடும்போதும் கண்ணில் படுகிறது. இருட்டியதும் மணிக்கொரு தரம் ஐந்து நிமிடம் மினுமினுக்கும். ஜன்னலோரம் இருப்பவர்கள் அதை வைத்தே மணி சொல்லலாம். 1889 கண்காட்சிக்காக 20 வருஷ அனுமதியோடு நிறுத்திய கோபுரம், இன்று தெருவில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது.

மறைக்கிறது என்று நீங்கள் குறைப்படுவது யாரோ குடியிருக்கும் வீட்டை. அதை வெட்டிவிட்டுப் படம் போட எனக்கு மனம் வரவில்லை.