ஓமேகா எஸ்-ல (படம், ஆவணத் தொகுப்ப இணையத்துல வைக்கிற மென்பொருள்) நெறைய படத்த ஒரேயடியா மாத்த முடியுமா?
சிஸ்டர், பினாங்கு தண்ணிமலை தைப்பூசப் படங்கள மறுபடி நல்லா ஸ்கேன் பண்ணிட்டீங்க, ரெக்கார்டு அப்படியே இருக்கணும், படம் மட்டும் மாறணும், அதானே? முடியும்.

ஐட்டத்த, அதாவது படத்தோட விவரம் இருக்குற ரெக்கார்ட, டெலீட் பண்ணிடாதீங்க, புதுசா போட்டா நம்பர் மாறி பழைய லிங்க் எல்லாம் செத்துடும். சர்வர்ல நேரா ஃபைல் மேல ஃபைல ஏத்துறதும் வேணாம்லா, அங்க வெள்ளிரதம்_012-னு பேரு இருக்காது, நீளமா ஏதோ கிறுக்கலாதான் இருக்கும், தேடிப்புடிச்சு மாத்துனாலும் லார்ஜ், மீடியம், ஸ்கொயர் சைஸ் படமெல்லாம் பழசாவே நிக்கும், டேட்டாபேஸ்ல உள்ள செக்சம்மும் (ஃபைல் மாறலன்னு சரிபாக்குற குறியீடு) ஒத்து வராது.

சிஎஸ்வி இம்போர்ட்ல (அட்டவணை ஃபைல்லேருந்து மொத்தமா ஏத்துற மாடியூல்) மீடியாவா, அதாவது ஐட்டத்தோட ஒட்டுற படமா, ஏத்துங்க, அட்டவணைல ஒரு பத்தில ஐட்டம் நம்பர், இன்னொண்ணுல புதுப் படத்தோட லிங்க். எல்லாம் சரியா ஒட்டிருச்சான்னு பாத்துட்டு பழைய மீடியாவ மொத்தமா செலக்ட் பண்ணி அழிங்க, ஆனா ஐட்டத்துல இல்லாம பழைய மீடியா ரெக்கார்டுலயே எழுதின கேப்ஷன் இருந்தா அதுவும் சேந்து போயிடும், மொதல்ல காப்பி எடுத்து வச்சுக்குங்க.