சீருடையும் வேஷமும்

அன்புள்ள ஐயா,

சினிமா உடைகளை ஏலம் விடுவது பற்றிய உங்கள் கட்டுரையில் 'ருஸ்தம்' இந்திப் படத்தின் கடற்படை உடையை ஏலம் விட்ட விவகாரத்தை 'தேவையில்லாத கோபம்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என் அப்பா 22 வருடம் ராணுவத்தில் இருந்தவர். அவருடைய சீருடையை அம்மா இன்னும் டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறார். ஒரு நடிகர் சீருடையை விற்றால் எங்களுக்கு வலிக்கக் கூடாதா? தர்மத்துக்கு என்றால் எதையும் விற்கலாமா?

வேலூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வலிக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. 'தேவையில்லாத' என்று அவசரத்தில் எழுதிவிட்டேன், அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் முழுக்க உங்கள் பக்கம் வர முடியவில்லை.

2016இல் வந்த அந்தப் படத்தில் தான் போட்டிருந்த கடற்படை அதிகாரி உடையை அக்‌ஷய் குமார் 2018 ஏப்ரலில் ஏலத்துக்கு விட்டார். வரும் பணம் விலங்குகளை மீட்டுப் பராமரிக்கும் வேலைக்கு. இதில் எனக்குத் தப்பாகப் படுவது ஒன்றுதான், அதைப் படத்துக்குத் தைத்த உடை என்று சொல்லாமல் அசல் கடற்படைச் சீருடை என்பதுபோல அறிவித்தது. கூத்தில் கிரீடம் வைத்து வருகிறவரை ராஜா வேஷம் என்றுதானே சொல்கிறோம்? முதலிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் பாதிக் கோபம் எழுந்தே இருக்காது என்று நினைக்கிறேன்.

அந்தச் சட்டையையே கொஞ்சம் பாருங்கள். கதை நடப்பது 1959இல், ஆனால் நாயகனின் மார்பில் 1999 கார்கில் போருக்கான பதக்கப் பட்டையும் இருந்தது. படம் வந்தபோதே கடற்படைக்காரர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அப்படி ஒரு சட்டையை 1959இல் எந்த அதிகாரியும் போட்டிருக்க முடியாது. உங்கள் அப்பாவின் சட்டையில் இருக்கும் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு இடம் இருக்கும், ஒரு வருடம் இருக்கும், திரும்பி வராத கூட்டாளி ஒருவர்கூட இருக்கலாம். ஏலத்துக்குப் போனதில் இதெல்லாம் எதுவுமே இல்லை. அதனால்தான் அதை உங்கள் பெட்டிக்குள் இருப்பதோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சீருடையின் எடை எனக்குத் தெரியாமல் இல்லை. படத்துக்கு மூலமான நானாவதி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், மனைவியின் காதலன் பிரேம் அஹுஜாவைச் சுட்டுக் கொன்ற கமாண்டர் நானாவதி நீதிமன்றத்துக்கு வெள்ளைச் சீருடையில் பதக்கங்களோடுதான் வந்தார், வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி 8க்கு 1 என்று குற்றமில்லை என்றது, பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வெள்ளைச் சீருடை ஜூரியின் மனதில் ஒன்றும் செய்யவில்லை என்று என்னால் நம்ப முடியாது.

சட்டம் என்ன சொன்னது? அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 140ஆம் பிரிவின்படி, படைவீரர் அல்லாதவர் தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடையைப் போட்டால் குற்றம். நோக்கம்தான் முக்கியம். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதற்குப் பிறகு, இந்த மாதிரித் துணிகளை விற்காதீர்கள், போடாதீர்கள் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு நடைபாதைக் கடைகளில் தொங்கும் சட்டைகளைத்தான் கேட்க வேண்டும். ஊரறிய ஏலம் போன ஒரே ஒரு வெள்ளை உடையை வைத்து யார் எந்த முகாமுக்குள் நுழையப் போகிறார்கள்?

அப்புறம், நான் உண்மையில் கோபப்பட்டது வேறொன்றுக்கு. பணியில் இருக்கும் ராணுவ அதிகாரி ஒருவர், எங்கள் மரியாதையில் கை வைத்தால் மூக்கில் ரத்தம் வரும் என்ற பொருளில் அக்‌ஷய் குமாரின் மனைவி ட்விங்கிள் கன்னாவுக்கு எழுதினார். ஒரு பெண்ணை அப்படி மிரட்டுவதைச் சீருடையின் பெயரால் செய்ததை என்னால் ஏற்கவே முடியாது. அதிகாரிகளும் ஓய்வுபெற்றவர்களும் சேர்ந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள், அது முறையான வழி, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தர்மத்துக்கு என்றால் எதையும் விற்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. உங்கள் அம்மாவின் சம்மதம் இல்லாமல் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து விற்றாலும் நான் உங்களோடு நிற்பேன். அப்பா எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எங்கெல்லாம் போனார், அந்தப் பட்டைகள் எதற்காகக் கிடைத்தன என்று அம்மாவிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.